நாயனத்துக்கு ஒரு மணி நேரம்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முதன்முதலில் வாசிக்கும் வாத்தியம் பூவரசு இலை. வாய்க்கால் கரை மரத்தில் இளசாக ஓர் இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளிப் போட்டு, சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் லேசாக நசுக்கி ஊதினால் பீப்பீ என்று கத்தும். பக்கத்துப் பையன் ஒரு தகர டப்பாவைக் கழுத்தில் கட்டிக்கொள்வான். அவன் தவில். இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் சாமி புறப்பாடே நடந்துவிடும். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். தவில்காரர் கையில் பிடிக்கும் கழியையும் அதே பூவரசிலிருந்துதான் சீவுகிறார்கள் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

போன தை மாதம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உறவில் ஒரு கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு. மண்டப வாசலில் கேரளத்துச் செண்டை மேளம். உள்ளே மெல்லிசைக் குழு, அது முடிந்ததும் டிஜே. நாயனச் செட்டைக் கைகழுவப் போகிற வழியில், ஒரு தூணுக்குப் பின்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் அவர்கள் வாசித்தது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். என் அண்ணன் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பவன். அன்று மாலை முழுக்க அவன் டிஜே பக்கம்தான் நின்றான்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணி. சமையல்கட்டைத் தவிர எங்கும் ஆள் நடமாட்டம் இல்லை. நாயனக்காரர் வெளியே பந்தல் காலருகில் நின்று சீவாளியை நனைத்துக்கொண்டார். மைக் கிடையாது. தவில்காரர் இன்னும் தவிலைத் தோளில் மாட்டவில்லை. எதிரே அறுவடை முடிந்த வயல், அதன் மேல் பனி. பௌளியைத் தொட்டார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணன் மகன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். காதில் ஒன்றும் இல்லை.

“என்ன ராகம் சித்தப்பா?”

“பௌளி.”

“நேத்து உள்ள வாசிச்சாரே, அவரா இவரு?”

“அவரேதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “நேத்து இப்படி வாசிக்கலியே” என்றான்.

அந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பெரிய மேளம் இருபது வயதுக்காரர்களுக்கு இன்னும் ஒரு பொருட்டா என்று மேடைகளிலும் சபாக்களிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்விக்கு, அவன் தெரியாமலே பதில் சொல்லிவிட்டான்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, தாளம். இதுதான் பெரிய மேளம். சதிர் ஆட்டத்துக்கு வாசித்த குழுவைச் சின்ன மேளம் என்றார்கள், இதைப் பெரிய மேளம் என்றார்கள். நாகசுரமா நாதஸ்வரமா என்று பண்டிதர்கள் வாதாடுவார்கள். எங்கள் ஊர்களில் அது நாயனம்தான்.

இந்த நாயனத்துக்கு ஒரு நில வரைபடம் உண்டு. திருவாவடுதுறை, திருவீழிமிழலை, திருவெண்காடு, திருமெய்ஞானம், செம்பனார்கோயில், நாச்சியார்கோயில், நீடாமங்கலம், வலங்கைமான், அரித்துவாரமங்கலம், இஞ்சிக்குடி. பேருந்து நின்று போகிற சின்ன ஊர்கள்தான் எல்லாம். ஆனால் சங்கீதம் தெரிந்தவரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் ஊர் அவருக்கு நினைவு வராது, ஒரு வாசிப்பு நினைவு வரும். திருவீழிமிழலை என்றால் கீர்த்தனையைச் சொல் பிசகாமல் இரட்டை நாயனத்தில் இழைத்த சகோதரர்கள். செம்பனார்கோயில் என்றால் லயக் கணக்கில் எழும் ரக்தி. நீடாமங்கலம் என்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில். காவிரி ஒன்று, அதிலிருந்து பிரியும் ஆறுகள் பல, வாய்க்கால் அதைவிடப் பல. வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீரின் ருசி மாறுவதுபோல் ஊருக்கு ஊர் பாணி மாறியது.

இவ்வளவு பேர் ஏன் இங்கேயே முளைத்தார்கள்? நெல்தான் காரணம். ராஜராஜன் 1010-இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு பங்கு எழுதியிருக்கிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே பட்டியலில் நட்டுவனாருக்கும், வங்கியம் ஊதியவருக்கும், கொட்டி மத்தளம் அடித்தவருக்கும் பங்கு உண்டு. வாசிப்பவனுக்கு நெல் அளந்தால் அவன் வாசிப்பதைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த மண் இது. அண்மைக்காலம் வரை கோயில் மேளத்துக்கு மானிய நிலம் இருந்தது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து, குறுவையும் சம்பாவும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தால், தை பிறந்ததும் கல்யாணம், பங்குனியில் திருவிழா, எல்லாவற்றுக்கும் மேளம். தண்ணீர் வராத வருஷம் ஊர்க்கூட்டத்தில் முதலில் குறைப்பது மேளச் செலவைத்தான். ஒரு காலத்தில் மேளம் வைத்த பிறகுதான் மற்றச் செலவுக்குக் கணக்குப் போட்டார்கள்.

சாமி ராத்திரியில் புறப்படும். கம்பீர நாட்டையில் மல்லாரி கேட்டால் வீட்டுக்குள் இருக்கிற கிழவிக்கும் தெரியும், சாமி மண்டபத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று. மல்லாரிக்குச் சொல் இல்லை, பாட்டு இல்லை. சந்தம் மட்டும்தான். தளிகை வரும்போது ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. கோபுரம் தாண்டி வீதிக்கு வந்ததும் ராகம். ஒரு முனையில் பல்லக்கை இறக்கினால் அங்கே ஒரு மணி, அடுத்த முனையில் இரண்டு மணி. நாலு வீதி சுற்றி முடிக்கக் கிழக்கு வெளுத்துவிடும். டிக்கெட் கிடையாது. திண்ணையில் படுத்திருந்தவனும், வண்டி அவிழ்த்துப் போட்டவனும், நாற்று முடி சுமந்தவனும் கேட்டார்கள். கீழவீதியில் தொடங்கிய தோடி வடக்கு வீதியில் எப்படித் திரும்பியது என்று மறுநாள் டீக்கடையில் சண்டை போடத் தெரிந்த கூட்டம் அது. சங்கீத இலக்கணம் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. காது மட்டும் இருந்தது.

அந்தக் கூட்டத்தின் ராஜா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

1898-இல் பிறந்து 1956 டிசம்பரில் மறைந்தார். வாழ்ந்தது 58 ஆண்டுகள். முதலில் வாய்ப்பாட்டுக் கற்றவர், பிறகுதான் நாயனம். அதனால் அவர் வாசிப்பில் ஒரு பாடகரின் மூச்சு கேட்கும். அதுவரை திமிரி என்ற குட்டை நாயனம், நாலு கட்டை ஐந்து கட்டைச் சுருதியில் வீதியைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் நீளமான பாரி நாயனத்துக்கு வந்தார். இரண்டு, இரண்டரைக் கட்டையில் குரல் தாழ்ந்தது, உருண்டது, கனிந்தது. ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார். இன்று நாம் நாயனம் என்று மனதில் கேட்கிற ஓசை பெரும்பாலும் அவர் முடிவு செய்துவிட்டுப் போனது.

ஆளும் அப்படித்தான். கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் மட்டுமே வாசிக்கக் கடமைப்பட்டிருந்த ஒரு தொழிலில் உட்காருவது சின்ன விஷயம் இல்லை. நாயனக்காரர் பெரிய மனிதர் வீட்டு ஊர்வலத்தில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக்கூடாது என்று இருந்த காலம். செட்டிநாட்டு ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்தின் தோளிலிருந்த துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதீர்கள் என்று குறுக்கே நின்றவர் சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரி. அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் ராஜரத்தினம் பிள்ளை தன்னை நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று போட்டுக்கொண்டதன் அர்த்தம் புரியும். கர்வம் என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு சமூகமே நிமிர்ந்து நின்றதாகப் படுகிறது. 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில், திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் நேருவின் கைக்குப் போனபோது நாயனம் அவருடையது. நடை, உடை, கோபம், தாமதமாக வருவது, வந்த பிறகு கூட்டத்தைக் கட்டிப் போடுவது என்று அவரைப் பற்றிக் கதை சொல்லாத கிராமம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இல்லை. மேல்நாட்டில் ராக் பாடகர்களைப் பற்றிப் பின்னாளில் சொன்ன கதைகள் அத்தனையும் அவரைப் பற்றி இங்கே முன்பே சொல்லியாயிற்று.

ராக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் ‘நவ் அண்ட் தென்’ என்ற பாட்டு வெளியாகி பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. குழு பிரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. பாடிய ஜான் லெனன் 1980-இல் கொல்லப்பட்டவர். வீட்டில் அவர் ஒரு சாதாரணக் கேசட்டில் பியானோவோடு பதிந்து வைத்திருந்த குரலை, இன்றைய கணினி நுட்பத்தால் தனியே பிரித்தெடுத்து, மிச்சமிருந்த இருவரும் சேர்ந்து முடித்தார்கள். நான்கு பேரின் நகரமான லிவர்பூல் இன்று அவர்களின் பெயரைச் சொல்லி அருங்காட்சியகம் நடத்துகிறது, விமான நிலையத்துக்கே லெனன் பெயரை வைத்திருக்கிறது. பேரன் வயதுப் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள் என்றால் பாட்டின் தரம் மட்டும் காரணம் இல்லை. அதைத் தூசி தட்டி, தெளிவாக்கி, அவர்கள் காது இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்த உழைப்பும் காரணம்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 சுழற்சி இசைத்தட்டில் இருக்கிறது. சில நிமிடங்கள்தான். ஒரு ராத்திரி முழுக்க வாசிக்கிற மனிதரை ஒரு தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடக்கியது. கரகரப்பு, இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஓசை இன்னும் எழுந்து நிற்கிறது. யாரோ ஆர்வலர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு யூடியூபில் ஏற்றிவைத்ததால் கேட்கிறோம். திருவாவடுதுறைக்குப் போகிற ஓர் இளைஞனுக்கு, இந்தத் தெருவில்தான் இன்னார் இருந்தார் என்று காட்டி, உட்கார வைத்து, அந்தத் தோடியை நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் காட்ட ஓர் அறை வேண்டாமா? லிவர்பூல்காரர்களை விட நமக்கு என்ன குறைச்சல்?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில், ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. நாயனம் பிறக்கிற ஊர். ரங்கநாதன் ஆசாரி 1955 வாக்கில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசுகிற மாதிரி பாரி நாயனத்தைக் கடைந்தது இங்கேதான். ராஜரத்தினம் பிள்ளையின் தேவையும் ஆசாரியின் கையும் சேர்ந்து உருவானது அது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் அத்தனையும் காலத்தால் வற்றியிருக்க வேண்டும். ஆகவே இடித்துப் போடுகிற பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பாட்டன் கட்டிய வீட்டைப் பேரன் இடித்துக் கான்கிரீட் போடுகிறான், அந்த உத்தரம் நாயனமாகி இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் ஒலிக்கிறது. பல தலைமுறை தலைக்கு மேலே தாங்கிய மரத்துக்கு இதைவிட நல்ல கதி கிடையாது.

நாயனத்தின் உடல் உலவு, அது மரம். கீழே விரிந்த வாய்க்கு அணசு என்று பெயர். விரலுக்கு ஏழு துளை. அவற்றுக்குக் கீழே சுருதியைக் கட்டுப்படுத்த மேலும் ஐந்து. தலையில் கெண்டை, அதன் மேல் சீவாளி. சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது, நாணல் இனம், ஆற்றங்கரையில் விளைவது. திருவாவடுதுறைச் சீவாளி என்றால் யாழ்ப்பாணம் வரைக்கும் மதிப்பு. உதட்டுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னப் புல்லை மூச்சாலும் எச்சிலாலும் பழக்கி, அது ஈரமாக இருக்கிற பக்குவத்தில் வாசிக்க வேண்டும். காய்ந்தால் பேசாது, ஊறினால் குழறும். நாயனத்தில் நூல் கட்டி நாலைந்து உதிரிச் சீவாளிகளும் ஓர் ஊசியும் தொங்குவது அலங்காரத்துக்கு இல்லை. கச்சேரி நடுவே மாற்றவும், சரி செய்யவும். கர்நாடக சங்கீதத்தில் இவ்வளவு மூச்சையும் தசையையும் கேட்கிற வாத்தியம் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ இந்த ஓசையில் சிக்கி, 1970-களில் தென்னிந்தியா வந்து நாகசுரம் கற்று, தன் இசைத்தட்டுகளிலும் வாசித்தார்.

தவிலின் கதை வேறு. பலா மரத்துக் குடம், வலந்தலையில் தடித்த தோல், விரல்களில் பசையும் துணியும் சேர்த்து இறுக்கிய கூடு, மறு கையில் பூவரசங்கழி. ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைகள் கையில் தவில் நன்றாகவே மாட்டியிருக்கிறது. திருவிழாக்களில் தனித்தவில் தொடங்கியதும் நூறு செல்போன் உயரும், தீர்மானம் விழுந்ததும் விசில் பறக்கும். ‘ஸ்பெஷல் தவில்’ என்று நோட்டீசில் தனியாகப் பெயர் போட்டு அழைக்கிற வழக்கம் இங்கே பழையது. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி வந்து வாசித்த நாட்களைச் சொல்லும்போது பெரியவர்களின் கை இன்னும் தன்னால் தொடையில் தாளம் போடும். நாற்பதைத் தாண்டியதுமே, 1975-இல் போய்விட்டார். அந்த வேகம் இன்றைய பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. நாயனத்தின் ராகம் அப்படி அரை நிமிடத்தில் பிடிபடாது. அதற்கு நேரம் வேண்டும். இந்த நேரத்தைத்தான் அவர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறோம்.

கோயிலை எடுத்துக்கொள்வோம். திருப்பள்ளியெழுச்சிக்குப் பூபாளம், அர்த்தஜாமத்துக்கு நீலாம்பரி என்று நாள் முழுவதையும் ராகத்தால் அளந்த கோயில்களில் பலவற்றில் இன்று மோட்டார் வைத்த மணியும் முரசும் சுவிட்சைத் தட்டினால் அடிக்கின்றன. தடதடவென்று ஒரே சத்தம், காலையும் அதே, இரவும் அதே. அந்தக் கோயிலுக்குப் பரீட்சைக்கு முன்னால் தேங்காய் உடைக்க வருகிற மாணவி நாயனத்தை எங்கே கேட்பாள்? அந்த இயந்திரத்தை வாங்கிக் கொடுத்த உபயதாரர் கல்லில் பெயர் பொறித்துக்கொள்கிறார். அதே பணத்தை ஒரு நாயனக்காரர், ஒரு தவில்காரரின் மாதச் சம்பளத்தில் சேர்த்திருந்தால் ஊருக்கே காது வளர்ந்திருக்கும்.

கல்யாண மண்டபம் இன்னும் மோசம். நாயனம் வீதிக்காகப் பிறந்த வாத்தியம். எட்டி நின்று, காற்றோடு வரும்போதுதான் அதன் முழு உருவம் தெரியும். அதைக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் அடைத்து, பத்தடியில் மைக்கை நீட்டி, நாலு பக்கமும் ஒலிபெருக்கி வைத்தால் காது வலிக்காமல் என்ன செய்யும்? அப்படிக் கேட்டவன் நாயனத்தைக் கேட்டதாகவே கணக்கில்லை. அவனைக் கூப்பிட்டு, உனக்கு இது பிடிக்குமா என்று கேட்பது நியாயமும் இல்லை. தாலி கட்டுகிற அரை நிமிடத்துக்குக் கெட்டிமேளம், அவ்வளவோடு இரண்டாயிரம் பேர் கூடிய சபையில் பெரிய மேளத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளை அழைப்பில் வீதி வீதியாக ராகம் வாசித்த இடத்தில் இன்று செண்டை நிற்கிறது. செண்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. கேரளத்துப் பூரத்தில் நூற்றுக்கணக்கான பேர் மணிக்கணக்கில் நின்று அடிப்பதைக் கேட்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். இங்கே வாசலில் பத்து நிமிடம் புகைப்படத்துக்காக நிறுத்துவது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

மரியாதை என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். நான் போன ஒரு கல்யாணத்தில் மேளக்காரர்களைக் கடைசிப் பந்திக்கும் பிறகு உட்கார வைத்தார்கள். சாம்பார் தீர்ந்திருந்தது. விடியற்காலையிலிருந்து ஊதிய மனிதருக்கு ரசம் சாதம். அவர் மகன், பதினைந்து வயசு இருக்கும், தாளம் போட வந்திருந்தான். இலையைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான். அவன் நாயனம் கற்றுக்கொள்வானா என்று யாரும் ஆய்வு நடத்த வேண்டியதில்லை. கலை அழிகிறது என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள் முதலில் பந்தியைச் சரி செய்ய வேண்டும்.

அரசு இசைப்பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்பைப் படித்திருக்கிறீர்களா? 12 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம், மூன்று ஆண்டுப் படிப்பு. குரலிசைக்கும் வயலினுக்கும் வீணைக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பரம்பரைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதியாக இருக்கலாம். ஆனால் படிப்பு வராதவன் தவிலுக்குப் போகட்டும் என்று ஊர் அதைப் படித்துக்கொண்டது. ஆதி தாளத்தில் கணக்கு மாறாமல் கோர்வை வைக்கிறவனின் மூளை எந்தப் பொறியியல் மாணவனுக்கும் குறைந்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். திருவையாற்று அரசு இசைக் கல்லூரியிலும், திருவாரூர், சீர்காழி இசைப்பள்ளிகளிலும் நாயனமும் தவிலும் கற்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். பரம்பரை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பெண்கள் வருகிறார்கள். மதுரை பொன்னுத்தாய் ஒற்றை ஆளாக உடைத்த கதவு அது. இந்தக் கலையின் வாசல் ஒரு சாதிக்கு மட்டும், ஒரு மதத்துக்கு மட்டும் என்று சொல்கிறவர்கள் ஸ்ரீரங்கத்தைப் பார்க்கட்டும். ஆந்திரத்திலிருந்து தஞ்சாவூர் பாணியைத் தேடி வந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டார். அவருடைய சீடர்கள் ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி மெகபூப் தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ. ரங்கநாதர் ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நாயனம் ஊதுவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அந்த இயல்பு இந்த வாத்தியம் நமக்குக் கொடுத்தது.

கடல் தாண்டியும் போயிருக்கிறது. டொராண்டோவிலும் லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் ஈழத்தமிழர் எழுப்பிய கோயில்களில் திருவிழா என்றால் நாயனமும் தவிலும் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் கலைஞர்கள் பருவத்துக்குப் போய் வருகிறார்கள். தமிழ் தடுமாறிப் பேசுகிற பிள்ளைகள் அங்கே வீதியில் நின்று தவிலுக்குத் தலையாட்டுகிறார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் எதை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் என்று பார்த்தால் ஊரில் இருப்பவர்களுக்கு வெட்கம் வரவேண்டும்.

சினிமாப் பாட்டைத்தான் இளைஞர்கள் கேட்கிறார்கள், நாயனத்திலும் அதையே வாசிக்கச் சொல்கிறார்கள் என்பது மூத்த கலைஞர்களின் நெடுநாள் வருத்தம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு காருக்குறிச்சி அருணாசலத்தின் நாயனம் போட்டியிட்டதைக் கேட்டுத்தான் நாயனப் பித்துப் பிடித்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அவர் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், திருநெல்வேலிக்காரர். 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. திரையில் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, ஒலியில் மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். சினிமா நாயனத்தைக் கெடுக்கவில்லை, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே வாசிக்கட்டும், புதுப் படத்துப் பாட்டையும் வாசிக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு ராகம். சாப்பாட்டில் பாயசம் வேண்டும், பாயசம் மட்டும் போதுமா?

அண்ணன் மகன் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கல்லூரிக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் ராத்திரி எனக்கு ஒரு இணைப்பை அனுப்பினான். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. “சித்தப்பா, இதை முழுசா கேட்டேன். முடிஞ்சதே தெரியல. இன்னும் நீளமா இருக்கா?” என்று கேட்டிருந்தான். நீளமாக இருந்தது, வீதியில் இருந்தது, பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்று எழுதினேன். உயிரோடு இருக்கிற வித்வான்களை நேரில் கேட்கலாம் என்றும் எழுதினேன். பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தான், இரண்டு நண்பர்களோடு. மல்லாரி எது, ராகம் எது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் பக்திப்பாடல் கேசட் ஓடிக்கொண்டே இருந்ததால் வடக்கு வீதி முனை வரை ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. அந்த மூன்று பையன்களும் விழாக் கமிட்டிக்காரரிடம் போய், அண்ணே, அரை மணி நேரம் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்க என்று கேட்டார்கள். நிறுத்தினார்கள். எங்கள் ஊர் வீதியில் பல வருஷம் கழித்து அன்றுதான் நாயனம் மட்டும் தனியாகக் கேட்டது.

இளைஞர்களுக்கு இது வேண்டுமா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான்: வேண்டும். அவர்கள் காது கெடவில்லை. கேட்க விடாமல் செய்தது நம் தலைமுறை. மண்டபத்தைப் பிடித்தோம், டிஜேயைப் பிடித்தோம், இயந்திர முரசுக்கு நன்கொடை கொடுத்தோம், மேளத்துக்குக் கொடுக்கிற சம்பாவனையில் மட்டும் பேரம் பேசினோம்.

உங்கள் வீட்டில் இந்த ஆவணியிலோ தையிலோ கல்யாணம் இருக்கலாம். ஒரு விண்ணப்பம். வரவேற்பு அன்று மாலை, மெல்லிசை தொடங்கும் முன் ஒரு மணி நேரத்தை நாயனத்துக்கு ஒதுக்குங்கள். மேடை போட்டு உட்கார வையுங்கள். முடிந்தால் மண்டபத்துக்கு வெளியே, பந்தலில். மைக்கை அணைத்துவிடுங்கள். என்ன ராகம் வாசிக்கப் போகிறீர்கள் என்று வித்வானிடம் கேட்டு, அழைப்பிதழில் அவர் பெயரோடு அச்சிடுங்கள். முதல் பந்தியில் அவர்களுக்கு இலை போடுங்கள். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம். அவர்களே வந்து படிக்கட்டில் உட்காருவார்கள்.